எபிரெய வேதாகமத்தில் திரித்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு நடத்துகிறவர்களும் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர்களும் பழைய ஏற்பாட்டிலிருந்து திரித்துவத்தைப் போதிக்கும்போது திரும்பத் திரும்ப எழுகிற கேள்விகள் இவை. திரித்துவத்தை அறிக்கையிடும் கிறிஸ்தவர்களாகவே பதில் எழுதுகிறோம். அந்த உபதேசம் எங்களுக்கு உயிர். அதனால்தான் சோதித்தால் உடைந்துபோகும் வாதங்களை அதற்கு முட்டுக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வசனங்கள் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலிலிருந்து தரப்பட்டவை.

பழைய ஏற்பாட்டில் திரித்துவம் இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகிவிடும். திரித்துவம் என்ற சொல் அங்கே இல்லை. புதிய ஏற்பாட்டிலும் இல்லை. அந்தியோகியாவின் தெயோப்பிலு சுமார் கி.பி. 180-ல் கிரேக்கத்தில் ‘திரியாஸ்’ என்று எழுதினார். அவர் சொன்ன மூன்று: தேவன், அவருடைய வார்த்தை, அவருடைய ஞானம். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் லத்தீனில் ‘திரினிதாஸ்’ என்றார். 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் கூடிய சங்கங்களின் வழியாக விசுவாச அறிக்கை உருவானது.

உபதேசம் சொல்வது இது: தேவன் ஒருவரே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் தேவன். ஆனாலும் பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல. இந்த மூன்று கூற்றுகளையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வசனம்கூட எபிரெய வேதாகமத்தில் கிடையாது. முதல் கூற்று மிகத் தெளிவாக இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அங்கே இருப்பது வேறு வகை. தேவனுடைய வார்த்தை, ஆவி, ஞானம், நாமம், தூதன் ஆகியவற்றைத் தேவனோடு ஒன்றாகவும் தேவனிடமிருந்து அனுப்பப்பட்டவையாகவும் பேசுகிற இடங்கள் அவை. நசியான்சுவின் கிரெகோரி நாலாம் நூற்றாண்டிலேயே இதை நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்: பழைய ஏற்பாடு பிதாவை வெளிப்படையாகவும் குமாரனை மங்கலாகவும் அறிவித்தது, புதிய ஏற்பாடு குமாரனை வெளிப்படுத்தி ஆவியானவரைக் கோடிட்டுக் காட்டியது. நாங்களும் அந்த நிலைப்பாட்டில்தான் நிற்கிறோம்.

‘ஏலோஹீம்’ பன்மைச் சொல். ஆதியாகமம் 1:1-லேயே மூவர் இருக்கிறார்கள் என்று பிரசங்கிக்கலாமா?

வேண்டாம். இந்தத் தலைப்பில் மிக அதிகமாகச் சொல்லப்படும் வாதம் இதுதான், மிக எளிதில் உடைவதும் இதுதான்.

‘ஏலோஹீம்’ என்பது ‘தேவன்’ என்பதற்குரிய எபிரெயச் சொல். அதன் ‘ஈம்’ என்ற ஈறு எபிரெயத்தில் ஆண்பால் பன்மைக்குரியது, உண்மை. ஆனால் 1:1-ல் அதன் வினை ‘பாரா’, அதாவது ஒருமை. வேதாகமத்தில் சுமார் 2,600 இடங்களில் வரும் இந்தச் சொல், இஸ்ரவேலின் தேவனைக் குறிக்கும்போது ஏறக்குறைய எப்போதும் ஒருமை வினையோடுதான் நிற்கிறது. ஆதியாகமம் 20:13, 35:7, 2 சாமுவேல் 7:23 போன்ற சில இடங்கள் விதிவிலக்கு. அந்நிய தேவர்கள் பலரைக் குறிக்கும்போது (யாத்திராகமம் 20:3) இதே சொல் உண்மையான பன்மையாகிறது.

வாதத்தை முறிப்பது வேறொன்று. ஒரே ஒரு அந்நிய தெய்வத்துக்கும் இதே சொல் வருகிறது: தாகோன் (1 சாமுவேல் 5:7), காமோஸ் (நியாயாதிபதிகள் 11:24), சீதோனியரின் அஸ்தரோத் (1 இராஜாக்கள் 11:5). யாத்திராகமம் 7:1-ல் மோசே பார்வோனுக்கு ‘ஏலோஹீம்’ ஆக்கப்படுகிறான். தாகோனுக்குள் மூவர் இருந்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘எஜமான்’ என்ற சொல்லும் இப்படித்தான்: ஆதியாகமம் 39:20-ல் யோசேப்பின் எஜமான் ஒரே ஆள், சொல்லின் வடிவம் பன்மை. மேன்மையை, அதிகாரத்தைக் காட்டும் பன்மை இது.

தமிழருக்கு இதை விளக்குவது எளிது. ‘ஐயா வந்தார்’ என்றால் வந்தவர் ஒருவர்தான்; ‘ஆர்’ என்பதோ இலக்கணப்படி பலர்பால் விகுதி. நம் வேதாகமத்தில் ‘தேவன் … சிருஷ்டித்தார்’ என்ற வரியைக் கவனியுங்கள். பெயர் ‘அன்’ ஈற்று ஒருமை, வினை மரியாதைப் பன்மை. எபிரெயத்தில் பெயர் பன்மை வடிவம், வினை ஒருமை. இரண்டும் தலைகீழ். ஆகவே தமிழ் வினையை வைத்து எபிரெயத்தின் எண்ணைக் கணிக்கவே முடியாது. மூல வரியைப் பார்த்தே தீரவேண்டும்.

12-ஆம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்டு இந்த வாதத்தைப் பயன்படுத்தினார். 1554-ல் வெளிவந்த ஆதியாகம விளக்கவுரையில் கால்வின் அதை மறுத்தார். காரணம் கூர்மையானது: முதல் வசனத்தில் ஏலோஹீம் மூவரையும் குறிக்குமானால், இரண்டாம் வசனத்தின் ‘ஏலோஹீமின் ஆவி’ மூவரின் ஆவியாகிவிடும், ஆவியானவர் தமக்குத் தாமே ஆவியாவார், மூவருக்கும் உள்ள வேறுபாடு கரைந்துபோகும். திரித்துவத்தை நிலைநாட்டப் போய், மூவரும் ஒரே ஆள்தான் என்ற சபெல்லியுவின் தவறில் விழுவோம் என்றார். திரித்துவத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய ஒருவரே இப்படிச் சொன்னது யோசிக்கத் தக்கது.

எபிரெயத்தில் இருமை உண்டே. அதனால் பன்மை என்றால் குறைந்தது மூன்று என்கிறார்களே?

இருமை வடிவம் உண்டு. ஆனால் கை, கால், கண் போன்ற இரட்டைப் பொருள்களுக்கும், சில கால அளவு, எண் சொற்களுக்கும் மட்டுமே அது வழங்குகிறது. மற்றபடி இரண்டு இருந்தாலும் பன்மைதான். இரண்டு குமாரர் ‘ஷெநே பானீம்’; பானீம் சாதாரணப் பன்மை. ஆகவே ‘பன்மை என்றால் மூன்று’ என்ற கணக்கு எபிரெயத்தில் இல்லை.

‘நமது சாயலாக … மனுஷனை உண்டாக்குவோமாக’ (ஆதியாகமம் 1:26). இங்கே பேசுகிறவர் யாரிடம் பேசுகிறார்?

ஏலோஹீமைவிட இது கனமான கேள்வி. இங்கே வினையும் பன்மை, ‘நமது’ என்ற உரிமைச் சொல்லும் பன்மை. ஆனால் அடுத்த வசனம் உடனே ஒருமைக்குத் திரும்புகிறது: தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார்.

தமிழ் வாசகர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். எபிரெயத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு இல்லை. தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘எங்கள் சாயலாக’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நமது’ என்றால் கேட்பவரும் உள்ளே வருகிறார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘நமது’ என்று தேர்ந்தபோதே, கேட்பவர் ஒருவர் உண்டு, அவரும் இதில் பங்குள்ளவர் என்று முடிவு செய்துவிட்டார்கள். அது நியாயமான முடிவுதான். ஆனால் அது அவர்களுடைய முடிவு. எபிரெய எழுத்தில் இருப்பது அல்ல.

விளக்கங்கள் நான்கு. முதலாவது, பரலோக சபை: தேவன் தம்மைச் சூழ நிற்கிறவர்களிடம் பேசுகிறார். 1 இராஜாக்கள் 22:19, யோபு 1:6, ஏசாயா 6 இதற்குப் பின்னணி. பூமி அஸ்திபாரப்படுத்தப்பட்டபோது தேவபுத்திரர் கெம்பீரித்ததாக யோபு 38:7 சொல்கிறது, எனவே படைப்பின்போது கேட்பவர்கள் இருந்தார்கள். யூத விளக்கவுரையாளர் ராஷி (1040–1105) இந்த வழியில் செல்கிறார்: தேவன் தாழ்மையினால் தூதரோடு ஆலோசித்தார், ஆனால் படைத்தது அவர் மட்டும். இன்றைய கிறிஸ்தவ எபிரெய அறிஞர் பலரும் இதையே ஏற்கிறார்கள். இரண்டாவது, தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் தீர்மானப் பன்மை. 2 சாமுவேல் 24:14-ல் தாவீது ‘விழுவோமாக’ என்று தொடங்கி ‘விழாதிருப்பேனாக’ என்று முடிக்கிறான். மூன்றாவது, அரசரின் பன்மை. யூத அறிஞர் சாதியா காவோன் (882–942) இப்படிச் சொன்னார். இதற்குச் சான்று குறைவு, ஏனெனில் வேதாகமத்தில் ராஜாக்கள் வழக்கமாக ‘நான்’ என்றே பேசுகிறார்கள்.

நான்காவது கிறிஸ்தவ வாசிப்பு: பிதா குமாரனிடம் பேசுகிறார். பர்னபாவின் நிருபத்திலும், இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலிலும் இது இருக்கிறது. யோவான் 1:3-ஐயும் கொலோசெயர் 1:16-ஐயும் விசுவாசிக்கிறவர் திரும்பி வந்து இந்த வசனத்தில் குமாரனைக் கேட்பது இயல்பு, சபை அதை மகிழ்ச்சியோடு செய்துவந்திருக்கிறது. ஆனால் அந்த விசுவாசம் இல்லாதவர் முன்னால் இதை ‘நிரூபணம்’ என்று வைக்காதீர்கள். வசனம் அந்த வாசிப்புக்கு இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை.

யூத போதகர்கள் இந்தக் கடினத்தை மறைக்கவில்லை. ஆதியாகமம் பற்றிய பழைய மித்ராஷில் (ரபிகளின் வேத விளக்கத்தில்) ஓர் உரையாடல் உண்டு: இந்த வசனத்தை எழுத வந்தபோது மோசே, ‘மாறுபாடான போதகருக்கு ஏன் இப்படி வாசல் திறக்கிறீர்?’ என்று கேட்கிறார், ‘நீ எழுது, தவற விரும்புகிறவன் தவறட்டும்’ என்று பதில் வருகிறது. தல்மூத் என்னும் ரபிகளின் போதனைத் தொகுப்பில் யோகனான் ரபி ஒரு முறையும் கொடுக்கிறார்: இப்படிப்பட்ட பன்மை வரும் ஒவ்வொரு இடத்திலும் அதை மறுக்கும் ஒருமை பக்கத்திலேயே இருக்கும். 1:26-க்கு 1:27, 11:7-க்கு 11:5. சோதித்துப் பாருங்கள், அப்படியே இருக்கிறது.

‘எகாத்’ என்றால் கூட்டு ஒருமை, ‘யாகீத்’ என்றால் தனி ஒருமை. உபாகமம் 6:4 எகாத் என்கிறதே?

‘இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்.’ இதில் ‘எகாத்’ வருவது சரி. ஆதியாகமம் 2:24-ல் இருவர் ஒரே மாம்சமாவதற்கும், எண்ணாகமம் 13:23-ல் ஒரு திராட்சக்குலைக்கும் அதே சொல் வருவதும் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

எகாத் வெறும் எண்ணுப்பெயர். ஸ்ட்ராங் எண் 259-ஐ (ஸ்ட்ராங் கன்கார்டன்ஸ் ஒவ்வொரு எபிரெயச் சொல்லுக்கும் கொடுக்கும் எண் இது) எடுத்து அது வரும் இடங்களை வரிசையாகப் பாருங்கள். 900-க்கு மேல் இருக்கும். பிரசங்கி 4:8-ல் துணையில்லாமல் தனித்திருக்கிற ஒருவன் ‘எகாத்’. எசேக்கியேல் 33:24-ல் ஆபிரகாம் ‘எகாத்’. யாத்திராகமம் 9:7-ல் இஸ்ரவேலரின் மிருகங்களில் ஒன்றாகிலும் சாகவில்லை என்ற இடத்தில் எண்ணுப்பெயர் ‘எகாத்’. தமிழிலும் அப்படியே: ‘ஒரு குலை’ என்றால் பல பழங்கள் உண்டு, அந்தக் கூட்டுத்தன்மை ‘குலை’ என்ற சொல்லில் இருக்கிறது, ‘ஒரு’ என்பதில் அல்ல.

யாகீத் (3173) வேதாகமம் முழுவதிலும் 12 இடங்களில்தான் வருகிறது. ஆபிரகாமின் ஏகசுதன் (ஆதியாகமம் 22:2), யெப்தாவின் ஒரே மகள், சங்கீதங்களில் தனிமையில் தவிக்கிறவன். ‘ஒரே பிள்ளை’, ‘தனித்தவன்’ என்பதே அதன் வழக்கு. தேவன் எண்ணிக்கையில் ஒருவர் என்று சொல்ல ஓர் எபிரெயர் அந்தச் சொல்லைத் தேடியிருக்கமாட்டார். ஆகவே மோசே அதை ‘வேண்டுமென்றே தவிர்த்தார்’ என்று சொல்ல ஆதாரம் இல்லை.

உபாகமம் 6:4 திரித்துவத்துக்கு எதிரியும் அல்ல. எபிரெயத்தில் ‘கேள்’ என்ற அழைப்புக்குப் பின் வருவது நாலே சொற்கள், வினை கிடையாது. ‘கர்த்தரே நம் தேவன், கர்த்தர் மாத்திரமே’ என்றும் வாசிக்கலாம். இது முதலாவது இஸ்ரவேலின் விசுவாச உறுதி: வேறொருவரையும் சேவிக்கமாட்டோம். கர்த்தராகிய இயேசு பிரதான கற்பனை எது என்று கேட்டவனுக்கு இந்த வசனத்திலிருந்தே பதிலைத் தொடங்கினார் (மாற்கு 12:29). இதைத் தளர்த்தி வாசிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கர்த்தருடைய தூதனானவர் இயேசுதானா?

எபிரெய வேதாகமத்தில் எங்களுக்கு மிக அருமையான பகுதி இது. ஆகாரைக் கண்டவர் தூதனானவர். ஆனால் அவளோ தன்னோடு பேசின கர்த்தருக்கு ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று பேரிடுகிறாள் (ஆதியாகமம் 16:7-13). முட்செடியில் தரிசனமானவர் தூதனானவர். உள்ளிருந்து கூப்பிடுகிறவர் தேவன் (யாத்திராகமம் 3:2-6). கிதியோனின் கதையிலும் பேசுகிறவர் தூதனானவராகவும் கர்த்தராகவும் மாறிமாறி வருகிறார் (நியாயாதிபதிகள் 6). யாத்திராகமம் 23:21-ல் ‘என் நாமம் அவர் உள்ளத்தில் இருக்கிறது’. அனுப்பப்பட்டவர், ஆனாலும் அனுப்பினவராகவே பேசுகிறார்.

சபைப் பிதாக்கள் இதில் ஒருமித்திருக்கவில்லை. யுஸ்தீன் இவர் குமாரனே என்றார். அகஸ்தீன் தயங்கினார், குமாரன் மட்டும் காணப்படக்கூடியவர் என்றால் அவர் பிதாவைவிடத் தாழ்ந்த தன்மையுடையவர் என்று குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவைப் பின்பற்றினவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கவலை. தேவன் தூதர்களைக் கருவியாகக் கொண்டு தோன்றினார் என்று அவர் விளக்கினார். யூத வாசிப்பு, அனுப்பப்பட்டவன் அனுப்பினவரின் வாயாகப் பேசுவான் என்பது. அந்த வழக்கத்துக்கும் சான்று உண்டு: ஆகாய் 1:13-ல் தீர்க்கதரிசியே ‘கர்த்தருடைய தூதன்’ எனப்படுகிறான். எபிரெயத்தில் அதே சொற்றொடர்.

இங்கேயும் தமிழ் ஒரு முடிவை எடுத்திருக்கிறது. ‘மலாக்’ என்றால் தூதன், செய்தி கொண்டுபோகிறவன், அவ்வளவே. ‘தூதனானவர்’ என்ற உயர்வு மொழிபெயர்ப்பாளர் கொடுத்தது. அந்த ‘ஆனவர்’ என்பதை வாதமாக்காதீர்கள்.

மம்ரேயில் வந்த மூன்று புருஷர் (ஆதியாகமம் 18) திரித்துவம்தானே?

கதையைத் தொடர்ந்து வாசித்தால் அப்படித் தெரியவில்லை. இருவர் சோதோமை நோக்கிப் போகிறார்கள், ஆபிரகாமோ கர்த்தருக்கு முன்பாக நிற்கிறான். 19:1-ல் அந்த இருவரும் ‘தூதர்’. 15-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் அந்திரேய் ரூப்லியோவ் வரைந்த புகழ்பெற்ற திருவோவியம் இந்த மூவரை வைத்தே திரித்துவத்தைத் தியானிக்கிறது. தியானத்துக்கு அது அழகு. அதை உபதேச நிரூபணமாக்கினால் பிதாவும் ஆவியானவரும் மாம்ச உணவு சாப்பிட்டதாகச் சொல்லவேண்டிவரும்.

ஆதியாகமம் 1:2-ன் ‘தேவஆவியானவர்’ பரிசுத்த ஆவியானவர்தானா?

‘ரூவாக்’ (7307) என்ற சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி என்ற மூன்று பொருளும் உண்டு. எசேக்கியேல் 37-ல் உலர்ந்த எலும்புகளின் தரிசனத்தில் மூன்றும் ஒரே அதிகாரத்தில் விளையாடுகின்றன. இலக்கணப்படி அது பெரும்பாலும் பெண்பால். 1:2-ல் ‘அசைவாடும்’ என்ற வினை வடிவமும் பெண்பாலே.

பழைய திருப்புதல் ‘தேவஆவியானவர் … அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்கிறது. திருவிவிலியம் ‘கடவுளின் ஆவி … அசைந்தாடிக்கொண்டிருந்தது’ என்கிறது. ஒன்றில் உயர்திணை, மற்றதில் அஃறிணை. எபிரெயத்தில் திணை என்பதே இல்லாததால் மூலம் எந்தப் பக்கமும் சாயவில்லை. வகுப்பில் இரண்டு மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து வாசிக்கச் சொன்னால், மொழிபெயர்ப்பில் உபதேசம் எப்படி நுழைகிறது என்று எல்லாருக்கும் உடனே விளங்கிவிடும்.

‘பரிசுத்த ஆவி’ என்ற தொடர் எபிரெய வேதாகமத்தில் மூன்றே முறை வருகிறது: சங்கீதம் 51:11, ஏசாயா 63:10, 63:11. இதில் ஏசாயா 63 மிக முக்கியம். 9-ஆம் வசனத்தில் அவருடைய சமுகத்தின் தூதன் இரட்சிக்கிறார். 10-ல் ஜனங்கள் அவருடைய பரிசுத்த ஆவியை விசனப்படுத்துகிறார்கள். காற்றை விசனப்படுத்த முடியாது. ஒரே பத்தியில் கர்த்தர், அவருடைய தூதன், அவருடைய பரிசுத்த ஆவி என்ற மூன்று பேச்சும் வரும் இந்த இடத்தை ஏலோஹீமுக்குப் பதிலாகப் பிரசங்கிக்கலாம். அங்கேயும் ‘மூன்று ஆள்தத்துவம்’ என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீதிமொழிகள் 8:22-ஐ வைத்து குமாரன் படைக்கப்பட்டவர் என்கிறார்களே?

ஆரியு நாலாம் நூற்றாண்டில் சொன்னது அதுதான். யெகோவாவின் சாட்சிகள் இன்றும் சொல்கிறார்கள். சண்டை ஒரே வினைச்சொல்லில்: ‘கானா’. பெறுதல், உடையவனாதல், வாங்குதல் என்று பொருள். சில இடங்களில் உண்டாக்குதல் என்றும் கொள்ள முடியும். ஏவாள் காயீனைப் ‘பெற்றேன்’ என்று சொன்னதும் இந்த வினையே (ஆதியாகமம் 4:1). செப்துவஜிந்த் என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘படைத்தார்’ என்று போட்டது. ஆரியு அதைப் பிடித்துக்கொண்டார். ஜெரோமின் லத்தீன் ‘உடையவராயிருந்தார்’ என்றது. நம் ‘கொண்டிருந்தார்’ அந்தப் பக்கம்.

அத்தனாசியு கிரேக்கத்தையே வைத்துக்கொண்டு, இது குமாரன் மனிதனானதைப் பற்றியது என்று விளக்கினார். எங்களுக்கு அது சுற்றுவழியாகப் படுகிறது. நேர்வழி அதிகாரத்தின் வகையைப் பார்ப்பது: ஞானம் இங்கே தெருவில் நின்று கூப்பிடும் பெண், அடுத்த அதிகாரத்தில் மதியீனமும் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் (9:13). இது கவிதையின் உருவகம். பவுல் கிறிஸ்துவைத் தேவஞானம் என்றதால் (1 கொரிந்தியர் 1:24) சபை இதை அவரில் வாசிக்கிறது. ஆனால் உருவகத்தின் ஒவ்வொரு வினைச்சொல்லையும் குமாரனின் தோற்றத்துக்கு அளவுகோலாக்கினால், ஆரியுவும் தவறுவார், அவரை மறுக்கிறவரும் தவறுவார்.

ஏசாயா 9:6-ல் பிறக்கும் பாலகன் ‘வல்லமையுள்ள தேவன், நித்திய பிதா’. இதைவிட என்ன சான்று வேண்டும்?

‘நித்திய பிதா’ என்ற பேரைக் குமாரனுக்கு நேரடியாகப் பொருத்தினால் குமாரனே பிதா என்றாகும். அது திரித்துவம் அல்ல, திரித்துவம் மறுக்கும் கொள்கை. ஒருமைக் கொள்கைப் பெந்தெகொஸ்தே சபையார் இதே வசனத்தை எடுப்பது இதற்காகத்தான். இங்கே ‘பிதா’ என்பது ராஜா தன் ஜனத்துக்குத் தகப்பன் என்ற பொருள் (ஏசாயா 22:21-ல் எலியாக்கீமும் ‘தகப்பன்’).

‘வல்லமையுள்ள தேவன்’ கனமான சொல். 10:21-ல் அதே ‘ஏல் கிப்போர்’ கர்த்தரையே குறிக்கிறது. ஆனால் எபிரெயப் பெயர்கள் வாக்கியங்களாக இருப்பதுண்டு என்ற யூத பதிலையும் அறிந்திருங்கள். எலியா என்றால் ‘யாவே என் தேவன்’. அதனால் எலியா தேவன் ஆகிவிடவில்லை. ராஷி இந்தப் பேர்களில் முன்னுள்ளவற்றை அழைக்கிறவருக்கும், கடைசிப் பேரை மட்டும் பிள்ளைக்கும் கொடுக்கிறார்.

சங்கீதம் 110:1-ல் இரண்டு கர்த்தர்களா?

இரண்டும் வேறு சொற்கள். முதலாவது நான்கெழுத்துத் திருநாமம்; நம் வேதாகமத்தில் ‘கர்த்தர்’. இரண்டாவது ‘அதோனி’, ‘என் ஆண்டவர்’. திருவிவிலியத்தில் ‘என் தலைவர்’. அதோனி (ஸ்ட்ராங் 113-ன் கீழ் வரும்) வழக்கமாக மனிதரை அழைக்கும் மரியாதைச் சொல். தாவீது சவுலை அப்படித்தான் கூப்பிட்டான். தேவனுக்கு வருவது ‘அதோனாய்’ (136). மெய்யெழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு உயிர்க்குறிகளில், அவற்றை எழுத்தில் இட்டவர்கள் மசோரெத்தியர் என்ற யூத வேதபாரகர், கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால். உயிர்க்குறி பின்னாளில் இடப்பட்டது என்பதால் யூதர் மாற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டவேண்டாம். கிரேக்க மொழிபெயர்ப்பும் ‘என் ஆண்டவருக்கு’ என்றே சொல்கிறது.

புதிய ஏற்பாடு மிக அதிகமாக எடுத்தாளும் வசனம் இது. இயேசுவின் வாதம் சொல்லின் உயிர்க்குறியில் நிற்கவில்லை. தாவீது தன் குமாரனையே ‘ஆண்டவர்’ என்று அழைக்கிறானே, எப்படி (மாற்கு 12:35-37)? கேள்வி அவ்வளவுதான். அந்த அளவிலேயே நிறுத்துங்கள்.

‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’. ஆசாரியரின் மூன்றடி ஆசீர்வாதம்?

மும்முறை சொல்வது எபிரெயத்தில் அழுத்தம்: எரேமியா 7:4-ல் ‘கர்த்தரின் ஆலயம்’ மூன்று முறை, 22:29-ல் ‘தேசமே’ மூன்று முறை. சவக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளில் 6:3-ல் ‘பரிசுத்தர்’ இரண்டே முறைதான் இருக்கிறது. எண்ணாகமம் 6:24-26-ன் மூன்று அடிகளில் எபிரெயத்தில் 3, 5, 7 சொற்கள். 15, 20, 25 எழுத்துகள். ஆசீர்வாதம் படிப்படியாகப் பெருகுகிறது. அந்தக் கட்டமைப்பை ரசியுங்கள். ஆராதனையில் மூவொரு தேவனைப் பாட இரண்டும் ஏற்றவை, வாதத்துக்கு அல்ல.

யூதர்கள் இயேசுவின் காலத்தில் தேவனுக்குள் இருவரை நம்பினார்கள் என்பது உண்மையா?

அப்படியே சொன்னால் மிகை. ஆனால் உள்ளே உண்மை உண்டு. தானியேல் 7:9-ல் ‘சிங்காசனங்கள்’ பன்மையில் வைக்கப்படுகின்றன. நீண்ட ஆயுசுள்ளவர் உட்காருகிறார். மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் மேகங்களுடன் வருகிறார். ஏன் பல ஆசனம்? அகிபா ரபி, ஒன்று அவருக்கு, ஒன்று தாவீதுக்கு என்றார் என்றும், கலிலேயனான யோசே அதைக் கேட்டுக் கடிந்துகொண்டார் என்றும் தல்மூத் பதிவு செய்கிறது. ‘பரலோகத்தில் இரண்டு அதிகாரங்கள்’ என்று போதிப்பவர்களை ரபிகள் கண்டித்ததும் பதிவாகியுள்ளது. அப்படிப் போதித்த சிலர் இருந்ததால்தானே கண்டிப்பு எழுந்தது? ஆனால் தானியேலில் இருப்பவர்கள் இருவர், மூன்றாமவர் இல்லை. 7:18-ம் 7:27-ம் ராஜ்யத்தைப் பரிசுத்தவான்களுக்குக் கொடுக்கின்றன, அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

சோகார் நூலில் திரித்துவம் இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தோம்.

சோகார் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் வெளிவந்த மறைஞான நூல். அதை ‘இயேசுவுக்கு முந்தைய யூத சாட்சி’ என்று காட்டுவது காலப்பிழை. பயன்படுத்தாதீர்கள்.

அப்படியானால் யூதர்கள் தெரிந்தே மறுக்கிறார்களா?

இல்லை. அவர்கள் தங்கள் வேதத்தை அதன் மொழியில், அதன் ஒழுங்கில் வாசித்து, ஒரே தேவனுக்கு விசுவாசமாக நிற்கிறார்கள். 1263-ல் பார்சிலோனாவில் அரகோன் ராஜாவின் முன் நடந்த விவாதத்தில் நாக்மானிதேசு என்ற ரபி கிறிஸ்தவ வாதங்களுக்கு வரி வரியாகப் பதில் சொன்னார். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட விவாதங்களில் வாதத்தோடு கட்டாயமும் கலந்திருந்தது. அந்த வரலாற்றை அறிந்தவர் ‘உங்கள் வேதத்தையே நீங்கள் புரிந்துகொள்ளவில்லை’ என்ற தொனியில் பேசமாட்டார்.

ஒரு வசனத்தை நானே எப்படிச் சோதிப்பது? எபிரெயம் தெரியாது.

முதலில் எண்ணைச் சரிபாருங்கள். யூதப் பதிப்பில் ஏசாயா 9:6 என்பது 9:5. சங்கீதம் 51:11 என்பது 51:13, ஏனெனில் தலைப்பு வரிகளும் வசனமாக எண்ணப்படும். யோவேல் 2:28 என்பது 3:1. எண் மாறியதைக் கவனிக்காமல் ‘யூதர் இந்த வசனத்தை நீக்கிவிட்டார்கள்’ என்று சொல்லுகிறவர்கள் உண்டு.

பிறகு ஸ்ட்ராங் எண்ணைக் கண்டு, அந்தச் சொல் வரும் எல்லா இடங்களையும் கன்கார்டன்ஸில் எடுங்கள். உங்கள் கருத்துக்குச் சாதகமான ஐந்தை மட்டும் பொறுக்காதீர்கள். பாதகமான ஐந்தைத் தேடி எழுதுங்கள். எகாத் வாதம் அங்கேயே விழுந்துவிடும். அடுத்து வரிவரி மொழிபெயர்ப்பில் வினை ஒருமையா பன்மையா என்று பாருங்கள். அதன்பின் முழு அதிகாரத்தையும் வாசித்து, பேசுகிறவர் யார் என்று ஓரத்தில் குறியுங்கள். ஏசாயா 48:16 போன்ற இடங்களில் பேச்சாளர் நடுவிலேயே மாறுவதால் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அந்த வசனத்தின் முடிவில் ‘அவருடைய ஆவியும்’ என்பது அனுப்புகிறவரோடு சேருமா, அனுப்பப்பட்டவரோடு சேருமா என்பதற்கும் எபிரெயம் இரண்டு வழியும் விடுகிறது. பழைய திருப்புதல் முதல் வழியை எடுத்திருக்கிறது.

நான்கு வார வகுப்புக்கு எந்த வரிசை?

முதல் வாரம் முழுவதும் உபாகமம் 6:4-9. திரித்துவம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். தேவன் ஒருவர் என்பது உள்ளத்தில் உறைக்காதவருக்குத் திரித்துவம் மூன்று தெய்வமாகத்தான் கேட்கும். இரண்டாம் வாரம் வார்த்தையும் ஆவியும்: ஆதியாகமம் 1, சங்கீதம் 33:6, ஏசாயா 63:7-14. மூன்றாம் வாரம் தூதனானவர். ஆகார் பகுதி மட்டுமே ஒரு மணி நேரத்துக்குப் போதும். ஏலோஹீமும் எகாத்தும் கேள்வியாக வந்தால் அப்போது பதில் சொல்லுங்கள், பாடமாக வைக்கவேண்டாம்.

நாலாம் வாரம் 1 கொரிந்தியர் 8:6. உபாகமம் 6:4-ஐ ஒரு தாளின் இடப்பக்கமும் இதை வலப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். ‘தேவன்’, ‘கர்த்தர்’, ‘ஒருவர்’ என்ற சொற்களை இரண்டிலும் அடிக்கோடிடட்டும். இஸ்ரவேலின் அறிக்கையில் இருந்த அதே சொற்களைப் பவுல் எடுத்து, ‘தேவன்’ என்பதைப் பிதாவோடும் ‘கர்த்தர்’ என்பதை இயேசு கிறிஸ்துவோடும் சேர்க்கிறார். ‘ஒருவர்’ என்பதை இரண்டு பக்கமும் விடவில்லை. ஆவியானவர் எங்கே என்று யாராவது கேட்பார்கள். அப்போது 12:4-6-ஐத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே வரிசை ஆவியானவர், கர்த்தர், தேவன்.